கணையப் புற்றுநோய்: அறுவைக்கு முன் புரோட்டான் கதிர் யாருக்கு, எந்தக் கட்டத்தில்?

#1 தாம்பரம்_பொதுமருத்துவர்

காமாலையோடு வருகிறார்கள். சி.டி.யில் கணையத் தலையில் 3 செ.மீ. கட்டி தெரிகிறது. அடுத்த நாளே குடும்பத்தார் கேட்பது: "தரமணியில புரோட்டான் இருக்கே டாக்டர், அதைக் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிட்டு ஆபரேஷன் பண்ணலாமா?" 2019 ஜனவரியில் சென்னை தரமணியில் அப்போலோவின் மையம் திறந்தபோது தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் என்று பரவலாகச் செய்தி வந்ததால் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எக்ஸ்-ரேக்குப் பதில் புரோட்டான் துகளைக் கட்டியில் பாய்ச்சும் அந்தக் கதிர்சிகிச்சை யாருக்கு, எப்போது என்பதுதான் தெரிவதில்லை. அனுப்புவதற்கு முன் நான் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? துறையில் இருப்பவர்கள் எண்களோடு எழுதுங்கள்.

#2 எஸ்எம்ஏ_முதலில் (குடல்-இரைப்பை அறுவை)

கட்டி எத்தனை செ.மீ. என்பதில் முடிவு இல்லை டாக்டர். அது ரத்தக்குழாயை எவ்வளவு தொடுகிறது என்பதில் இருக்கிறது. குடலுக்குப் போகும் பெரிய தமனி, அதாவது எஸ்.எம்.ஏ., அதன் சுற்றளவில் கட்டி 180 பாகைக்குள் தொட்டால் எல்லைக்கோட்டு நிலை, அதாவது முழுதாக வெட்டியெடுக்க முடியுமா என்பது சந்தேகம். 180-ஐத் தாண்டினால் வேறெங்கும் பரவாமல் அந்த இடத்திலேயே முற்றிய நிலை. சிரைப் பக்கம் (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் எஸ்.எம்.வி., போர்ட்டல் சிரைகள்) கொஞ்சம் தாராளம் உண்டு. 180-ஐத் தாண்டினாலும், அல்லது அதற்குள்ளேயே சிரையின் ஓரம் நெளிந்திருந்தாலும், மேலும் கீழும் தைத்து இணைக்க நல்ல சிரை இருந்தால் எல்லைக்கோடுதான். எதையும் தொடாத கட்டி என்றால் நேரடி அறுவையா முன்கூட்டி மருந்தா என்று பேசலாம். அங்கே புரோட்டானுக்கு வேலை மிகக் குறைவு.

உடற்கூறு இடம் கொடுத்தாலும் சிஏ 19-9 என்ற ரத்தப் புற்றுக்குறியீடு 500-க்கு மேல் இருந்தால் எல்லைக்கோடாகவே நடத்த வேண்டும். ஆனால் காமாலை இருக்கும்போது எடுத்த எண்ணை நம்பாதீர்கள். பித்தம் அடைத்திருந்தாலே அது ஏறும். பிலிருபின் (ரத்தத்தில் காமாலையின் அளவு) இறங்கியபின் மறுபடி எடுங்கள். 5 முதல் 10 சதவீதம் பேருக்கு லூயிஸ் ரத்தவகை இல்லாததால் இந்தக் குறியீடு உருவாகவே ஆகாது. அவர்களிடம் "நார்மல்" என்று வந்தால் அதற்குப் பொருள் ஒன்றுமில்லை.

#3 கீமோ_வார்டு

குடும்பத்தாரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று. கணையப் புற்றுநோய் பெரும்பாலும் கல்லீரலிலும் வயிற்று உறையிலும் திரும்பி வந்துதான் ஆளைக் கொல்கிறது. கதிர் அங்கே போகாது. அதனால் எல்லைக்கோட்டு நிலையில் முதல் அடி கீமோ. உடல் தாங்கினால் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்து, 14 நாளுக்கு ஒருமுறை: உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு ஆக்ஸாலிபிளாட்டின் 85 மி.கி., இரினோடெகான் 150 அல்லது 180, 5-எஃப்.யூ. 2400 மி.கி. பம்பில் 46 மணி நேரம். பொதுவாக 4 முதல் 8 சுற்று. தாங்காதவர்களுக்கு ஜெம்சிடபினும் நாப்-பேக்லிடாக்செலும்.

தொடங்கும் முன் 5-எஃப்.யூ.வை உடைக்கும் நொதிக்கான டி.பி.ஒய்.டி. மரபணுச் சோதனை எடுத்துவிடுங்கள். அந்த நொதி குறைந்தவருக்கு 5-எஃப்.யூ. மட்டுமல்ல, பின்னால் கதிரோடு கொடுக்கும் கேபசிடபின் மாத்திரையும் ஆபத்து. ஒரே சோதனை இரண்டு இடத்திலும் உதவும்.

நடுவில் நோய் பரவினால் அது கீமோவின் தோல்வி என்று மட்டும் பார்க்காதீர்கள். வயிற்றைத் திறந்திருந்தால் வீணாகியிருக்கும் ஒரு பெரிய அறுவையிலிருந்து அவர் தப்பினார் என்றும் அர்த்தம்.

#4 மூன்றாம்_ஆண்டு_மாணவர்

கீமோவே முதல் என்றால் கதிரே எதற்கு? அமெரிக்க அலையன்ஸ் குழுவின் ஆய்வில் கதிர் சேர்த்த பக்கம்தான் மோசமாக இருந்தது என்று படித்தோமே?

#5 கதிர்_ஓபி

நல்ல கேள்வி. முழுதாகப் பார்ப்போம்.

அலையன்ஸ் ஏ021501, எல்லைக்கோட்டு நோயாளிகள். ஒரு பக்கம் 8 சுற்று ஃபோல்ஃபிரினாக்ஸ். மறுபக்கம் 7 சுற்றோடு 5 தவணைக் கதிர், பெரும்பாலும் 33 முதல் 40 கிரே (கிரே என்பது கதிரின் அளவு). 18 மாத உயிர்வாழ்வு கீமோ பக்கம் 66.7 சதவீதம், கதிர் பக்கம் 47.3. இடைக்கால ஆய்விலேயே கதிர்ப் பக்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் இரண்டு பக்கத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடும்படி அது வடிவமைக்கப்படவில்லை. ஒவ்வொன்றையும் பழைய எதிர்பார்ப்போடு ஒப்பிட்டார்கள். அதிலிருந்து "கதிர் கெடுதல்" என்று எடுக்க முடியாது. "எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதே" என்று எடுக்கலாம்.

மறுபுறம் நெதர்லாந்தின் பிரியோபாங்க் ஆய்வு, 246 பேர். ஜெம்சிடபினோடு 15 தவணையில் 36 கிரே, பிறகு அறுவை என்று ஒதுக்கப்பட்டவர்களில் 5 ஆண்டு கடந்தவர்கள் 20.5 சதவீதம், நேரடி அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 6.5. பிறகு வந்த பிரியோபாங்க்-2-இல் அதே கதிர்த்திட்டத்தை ஃபோல்ஃபிரினாக்ஸோடு மோதவிட்டார்கள். உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை.

புரோட்டானுக்கு வருவோம். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைதான் அறுவைக்கு முந்தைய குறுகிய புரோட்டானை ஒழுங்காக நடத்திப் பார்த்தது: 5 தவணை, தவணைக்கு 5 கிரே, கூடவே கேபசிடபின், அடுத்த சில வாரத்தில் அறுவை. 2018-இல் வெளியான அவர்களின் தொடர்ச்சி ஆய்வில் 48 பேர். முதலில் 8 சுற்று ஃபோல்ஃபிரினாக்ஸ். பிறகு கட்டி ரத்தக்குழாயை விட்டு விலகியவர்களுக்கு மட்டும் இந்த 25 கிரே. விலகாதவர்களுக்கு 28 தவணையில் 50.4 கிரே, குழாய் ஓரத்துக்கு 58.8 வரை. அறுவை நடந்த 32 பேரில் 31 பேருக்கு வெட்டு ஓரம் சுத்தம், புற்றணு இல்லை. அழகான எண்தான். ஆனால் ஒரே மையம், ஒப்பிட எதிர்க்குழு இல்லை. அந்தப் பெருமை கீமோவுக்கா, கதிருக்கா, கத்திக்கா என்று பிரிக்க முடியாது. எக்ஸ்-ரே கதிரைவிடப் புரோட்டான் மேல் என்று அறுவைக்கு முந்தைய கணையத்தில் நிரூபித்த ஒப்பீட்டுச் சோதனையும் இல்லை.

என் கணக்கு இது: எஸ்.எம்.ஏ. பக்கம் ஓரம் சந்தேகமாக இருப்பவர், 4 முதல் 6 மாதக் கீமோவில் பரவாமல் நின்றவர், சிஏ 19-9 இறங்கியவர். இவருக்குக் கதிர். அதைப் புரோட்டானில் கொடுப்பதா வேண்டாமா என்பது அதற்கும் பிறகு வரும் கேள்வி.

#6 மூன்றாம்_ஆண்டு_மாணவர்

25, 36, 50 என்று கிரேயை அப்படியே ஒப்பிடலாமா?

#7 பிராக்_முனை (மருத்துவ இயற்பியல்)

கூடாது. தவணைக்கு எவ்வளவு என்பது மாறினால் வீரியம் மாறும். தவணை அளவு மாறினால் திசு எப்படி எதிர்வினை செய்யும் என்று காட்டும் ஆல்ஃபா-பீட்டா எண்ணைக் கட்டிக்கு 10 என்று வைத்து உயிரியல் அளவாக மாற்றினால்: 5×5 = 25 கிரே என்பது 37.5, 15 தவணையில் 36 என்பது 44.6, 28 தவணையில் 50.4 என்பது 59.5, 5 தவணையில் 33 என்பது 54.8, 5 தவணையில் 40 என்பது 72. ஆக பாஸ்டனின் குறுகிய புரோட்டான் இந்தப் பட்டியலிலேயே மென்மையானது. கட்டியை எரிக்கக் கொடுத்ததல்ல அது. அறுவை ஓரத்தைத் துப்புரவாக்கக் கொடுத்தது. "ஐந்தே நாளில் முடிகிற சக்திவாய்ந்த கதிர்" என்று யாராவது நோயாளியிடம் சொன்னால் திருத்துங்கள்.

இன்னொன்று. புரோட்டான் அளவுகள், எக்ஸ்-ரேயைவிட உயிரியல் வீரியம் 1.1 மடங்கு என்று பெருக்கி எழுதப்படுபவை. 25 என்றால் உண்மையில் பாய்வது சுமார் 22.7. புரோட்டான் நிற்கும் கடைசி சில மி.மீ.யில் அந்த வீரியம் 1.1-ஐவிட ஏறுகிறது. திட்டம் போடும் கணினி பொதுவாக அதைக் காட்டாது. ஆகவே கற்றையின் நுனி எங்கே போய் நிற்கிறது என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

#8 தாம்பரம்_பொதுமருத்துவர்

நுனிக்கு அப்பால் கதிரே இல்லை என்பதுதானே புரோட்டானின் பெருமை? அப்படியானால் குடலுக்கு ஆபத்து குறைய வேண்டுமே?

#9 பிராக்_முனை

நம் ஊரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீரில் 150 எம்.இ.வி. ஆற்றலுள்ள புரோட்டான் சுமார் 15.8 செ.மீ. போய் நின்றுவிடும். கணையத் தலைக்குப் பின்பக்கமிருந்து போகும் ஆழமும் ஏறக்குறைய அந்த அளவுதான். நின்ற இடத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் எங்கே நிற்கும் என்பதை சி.டி.யின் சாம்பல் நிறத்திலிருந்து கணித்துத்தான் சொல்கிறோம். அந்தக் கணிப்பில் 3.5 சதவீதம் பிழை வைப்பது வழக்கம். 15 செ.மீ.க்கு அதுவே 5 மி.மீ.க்கு மேல். அதன்மேல் 1 முதல் 3 மி.மீ. சேர்ப்போம். டியோடினம், அதாவது முன்சிறுகுடல், கணையத் தலையை அணைத்துக்கொண்டே கிடக்கிறது. நடுவே 5 மி.மீ. இடைவெளிகூட இல்லை. அதனால் டியோடினத்தின் உட்சுவர் கட்டியோடு சேர்ந்து முழு அளவு வாங்கும். புரோட்டானாலும் அதைத் தப்பவைக்க முடியாது. பக்கவாட்டிலும் கற்றை ஆழம் போகப் போகச் சிதறி அகலும். சிதறலின் அகலம் ஆழத்தில் சுமார் 2 சதவீதம், 15 செ.மீ.யில் 3 மி.மீ. நல்ல எக்ஸ்-ரே திட்டத்தின் ஓரம் சில நேரம் இதைவிடக் கூர்மை.

அப்படியானால் லாபம் எங்கே? தூரத்தில். கல்லீரல், சிறுநீரகம், எட்டிக் கிடக்கும் சிறுகுடல், இரைப்பையின் பெரும்பகுதி ஆகியவை வாங்கும் குறைந்த அளவுக் கதிர் நன்றாகவே குறையும். குமட்டல், எடைக்குறைவு, ரத்த அணுக் குறைவு ஆகியவற்றில் அது தெரியலாம். டியோடினப் புண்ணில் தெரியாது. ஜப்பானில் 25 தவணையில் 67.5 வரை ஏற்றிய புரோட்டான் நோயாளிகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரைப்பையிலோ டியோடினத்திலோ புண் இருந்தது. அவர்கள் அறுவைக்கு வழியில்லாத முற்றிய நோயாளிகள், அளவும் மிக அதிகம். ஆனாலும் பாடம் ஒன்றுதான்: புரோட்டான் என்பதால் குடல் மன்னிக்காது.

கற்றையின் திசையும் முக்கியம். முன்பக்கமிருந்து அனுப்பினால் இரைப்பையையும் குறுக்குப் பெருங்குடலையும் துளைத்துப் போக வேண்டும். அங்கே இன்று 2 செ.மீ. காற்று, நாளை இல்லை. காற்று புரோட்டானை நிறுத்தாது. திட்டத்தில் திசு இருந்த இடத்தில் சிகிச்சை நாளன்று 2 செ.மீ. காற்று வந்தால் கற்றை அதே 2 செ.மீ. தாண்டிப் போய் நிற்கும். அது தண்டுவடத்தை நோக்கிய திசை. மாறாக, காற்று இருந்த இடத்தில் உணவு வந்தால் கற்றை முன்கூட்டியே நின்று கட்டியின் பின்பகுதி கதிர் வாங்காமல் போகும். அந்தப் பின்பகுதிதான் எஸ்.எம்.ஏ. ஓரம், எதற்காகக் கதிர் கொடுக்கிறோமோ அந்த இடமே. எக்ஸ்-ரேயில் இப்படி நடந்தால் சில சதவீதம் மாறும். புரோட்டானில் இருக்கிறது அல்லது இல்லை என்று மாறிவிடும்.

அதனால்தான் பின்பக்கச் சாய்வுகளும் வலப்பக்கப் பின்சாய்வும். தசை, எலும்பு, சிறுநீரகம் இவை நாளுக்கு நாள் மாறுவதில்லை. விலை என்ன? சிறுநீரகம் நுழைவழியில் வருகிறது (இரண்டுக்கும் சேர்த்துச் சராசரி 18 கிரேக்குள் வைக்கப் பார்ப்போம்), முதுகெலும்பின் மஜ்ஜையும் வருகிறது. ஒரு சிறுநீரகம் ஏற்கெனவே மந்தம் என்றால் ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டி.டி.பி.ஏ. ஸ்கேன் பார்த்துவிட்டுத்தான் திசை முடிவு செய்ய வேண்டும். குறைந்தது இரண்டு திசை வேண்டும், இரண்டின் நுனியும் ஒரே குடல் சுவரில் போய் நிற்கக் கூடாது. வலப்பக்கச் சாய்வை ரொம்பப் பக்கவாட்டுக்குத் திருப்பினால் கல்லீரலடிப் பெருங்குடல் வழியில் வந்துவிடும், மறுபடி காற்றுப் பிரச்சினை. பின்திசைக்குப் படுக்கைப் பலகையின் விளிம்பும் கணக்கு. கற்றை விளிம்பைத் தொட்டால் ஒருநாள் 1 செ.மீ. நகர்ந்து படுத்தாலே தூரம் பிழைக்கும்.

#10 கதிர்_ஓபி

மூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணையம் மூச்சோடு மேலும் கீழும் 1 செ.மீ., சிலருக்கு 2 செ.மீ. கூட நகரும். புரோட்டானின் மெல்லிய பென்சில் கற்றை கட்டியைப் புள்ளி புள்ளியாக, அடுக்கு அடுக்காக வரைகிறது. கற்றையும் நகர்ந்து கட்டியும் நகர்ந்தால் ஒரு இடத்தில் இரட்டிப்பு, பக்கத்தில் ஓட்டை. 28 தவணையில் இது ஓரளவு சராசரியாகிவிடும். 5 தவணையில் ஆகாது. மூச்சசைவையும் பதியும் 4டி சி.டி. எடுத்து அசைவு 5 மி.மீ.க்குள் இருந்தால் ஒரே அடுக்கைப் பலமுறை வரையும் முறையில் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் வயிற்றுப் பட்டை, அல்லது மூச்சை வெளியே விட்டு நிறுத்தும் பயிற்சி. 20 விநாடி மூச்சை நிறுத்த முடியாத பலவீனமான நோயாளிக்குப் புரோட்டானில் பிடிவாதம் பிடிக்காமல் எக்ஸ்-ரேக்குப் போய்விடுவது நல்லது என்பது என் கருத்து.

#11 பிராக்_முனை

ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை, 5 தவணை என்றால் தொடங்கும் முன்பும் நடுவிலும், சரிபார்ப்பு சி.டி. எடுத்துப் பழைய திட்டத்தை அதன்மேல் ஓட்டிப் பார்க்காத இடத்தில் கணையத்துக்குப் புரோட்டான் வாங்காதீர்கள். இதை நோயாளி தரப்பே கேட்கலாம்: "நடுவில் சி.டி. எடுத்து மறுபடி கணக்குப் போடுவீர்களா?"

#12 குழாய்_வழி (எண்டோஸ்கோப்பி)

அடைத்த பித்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழல் பற்றி யாரும் எழுதவில்லை. கீமோ மாதக்கணக்கில் என்றால் பிளாஸ்டிக் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். குட்டையான உலோக ஸ்டென்ட், 4 முதல் 6 செ.மீ., போதும். மேலே கல்லீரல் நுழைவாயில் வரை நீட்டினால் அறுவையில் பித்தக்குழாய் இணைப்புக்கு இடம் இருக்காது. குளிரோடு காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. பாராசிட்டமால் போட்டுவிட்டு "நாளைக்குப் பார்ப்போம்" என்றால், கீமோவில் வெள்ளணு குறைந்தவருக்கு ஒரே இரவில் ரத்தத்தில் நஞ்சு ஏறிவிடும்.

கட்டியின் இடத்தைப் படத்தில் காட்டும் தங்கக் குறிமணி வைப்பதும் நாங்கள்தான், எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் ஊசி வழியாக. இயற்பியல்காரர்களிடம் ஒரு கேள்வி: உலோக ஸ்டென்டும் தங்கமும் உங்களுக்குத் தொல்லையா?

#13 பிராக்_முனை

தொல்லைதான், சமாளிக்கலாம். சி.டி.யில் கோடுகோடாக விழும் பொய் நிழலைக் கையால் வரைந்து சரியான அடர்த்தி கொடுக்கிறோம். ஸ்டென்டின் உள்ளே காற்றா பித்தமா என்பது நாளுக்கு நாள் மாறும், அதையும் கணக்கில் வைப்போம். தடித்த தங்கத்துக்குப் பின்னால் சின்ன நிழல் விழும். மெல்லிய குறியாக வையுங்கள், கற்றை வரும் திசையைக் கேட்டுவிட்டு வையுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்கு மாற்றுவதாக இருந்தால் திட்ட சி.டி.க்கு முன்பே மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து.

#14 உணவுத்தட்டு

காற்றைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், தட்டில் என்ன வைப்பது என்று யாரும் சொல்லவில்லை! திட்ட சி.டி.க்கு 3 நாள் முன்பிருந்து கதிர் முடியும்வரை: சுண்டல், மொச்சை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சோடா, பால் அளவோடு அல்லது நிறுத்தம். இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், ரசம், மோர், முட்டை, மீன் குழம்பு (எண்ணெய் குறைத்து) சாப்பிடலாம். சிகிச்சைக்கு 3 மணி நேரம் முன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். தண்ணீர் எவ்வளவு, எப்போது என்று மையம் சொல்வதை தினமும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். இரைப்பை ஒரு நாள் காலி, ஒரு நாள் நிறைவு என்று இருக்கக் கூடாது. மலச்சிக்கலை விடாதீர்கள், வாந்தியை நிறுத்தத் தரும் ஆண்டன்செட்ரான் மாத்திரையே மலத்தைக் கட்டும்.

கணைய நொதி மாத்திரையை இங்கே பலர் சாப்பாட்டுக்கு அரைமணி முன் விழுங்குகிறார்கள், அது வீண். முதல் கவளத்தோடு, பெரிய சாப்பாடு என்றால் பாதியை நடுவில். பெரிய வேளைக்கு 50,000 அலகு லிபேஸ், சிற்றுண்டிக்கு 25,000 என்று தொடங்கலாம். மலம் எண்ணெயாக மிதந்தால் ஏற்ற வேண்டும். காபியோடும் சூடான ரசத்தோடும் கலக்காதீர்கள். இது பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சைவர்களிடமும் முஸ்லிம் குடும்பங்களிடமும் முதலிலேயே மரியாதையோடு சொல்லிவிடுங்கள், மாற்று ஏற்பாடு இல்லை என்பதையும் சேர்த்து. பின்னால் தெரிந்து ரகசியமாக நிறுத்திவிடுவதால் இறங்கும் எடைதான் அறுவையைத் தள்ளிப்போடுகிறது.

#15 கீமோ_வார்டு

நன்றி மேடம். கூடவே: கதிர் நாட்களில் கேபசிடபின் சதுர மீட்டருக்கு 825 மி.கி., காலை மாலை, சாப்பிட்டு அரைமணிக்குள். வயிற்றுப் புண் தடுக்கும் பேன்டோபிரசோல் வகை மாத்திரை கதிர் தொடங்கும் நாளிலிருந்து அறுவைவரை. கறுப்பாக மலம் போனால் உடனே தெரிவிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். இந்த நோயில் அது மிக சகஜம்.

#16 எஸ்எம்ஏ_முதலில்

கதிர் முடிந்து எப்போது அறுவை? 5×5 என்றால் 1 முதல் 3 வாரத்தில், திசு நாராக இறுகும் முன். 50.4 என்றால் 4 முதல் 8 வாரம் வீக்கம் அடங்க விட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் தமனியைச் சுற்றி நாரிழை சிமெண்ட் மாதிரி ஆகி, உறையைப் பிரிப்பது கஷ்டம்.

கதிருக்குப் பின் எடுக்கும் சி.டி.யை வைத்துக் கை விடாதீர்கள். குழாயைச் சுற்றி இன்னும் மங்கல் தெரிகிறது என்று எழுதி வரும். அது புற்றா, நாராகிப் போன தழும்பா என்று படம் சொல்லாது. சிஏ 19-9 இறங்கி, புதிய பரவல் இல்லாமல், நோயாளி நடமாடிக்கொண்டிருந்தால் லேப்ராஸ்கோப்பில் வயிற்று உறையைப் பார்த்துவிட்டுத் திறந்து பார்க்கும் தகுதி அவருக்கு உண்டு. ஆபரேஷன் ஆகாது என்று படத்தை மட்டும் பார்த்து அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு கருத்து கேட்க வேண்டும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் குடல்-இரைப்பை அறுவைக்குத் தனித்துறைகள் உண்டு.

கதிர் பெற்ற கணையம் கெட்டியாக இருப்பதால் தையல் நன்றாகப் பிடிக்கும், கசிவு குறைவு. பயம் வேறு இடத்தில்: கதிர் பட்ட தமனியின் வெட்டுமுனையில் கணைய நீர்க் கசிவு பட்டால் ரத்தம் பீறிடும். கல்லீரலை வயிற்றுச் சுவரோடு இணைக்கும் ஃபால்சிஃபார்ம் தசைநாரை எடுத்து அதன்மேல் போர்த்திவிடுவது வழக்கம்.

#17 தாம்பரம்_பொதுமருத்துவர்

மிகத் தெளிவு. இனி குடும்பத்தாரிடம் சொல்ல எனக்கு வரிசை கிடைத்துவிட்டது: படம், பயாப்சி, கீமோ, மறுபடி படம், பிறகுதான் கதிர் தேவையா, தேவையென்றால் புரோட்டானா. கடைசியாக ஒன்று. மேல்கருத்துக்கு அனுப்பும்போது சி.டி. பிலிம் போதுமா?

#18 எஸ்எம்ஏ_முதலில்

போதாது. பிலிமில் பாகை அளக்க முடியாது. டைகாம் என்ற கணினிப் பட வடிவில் குறுந்தகடோ பென்டிரைவோ வேண்டும், 1 மி.மீ. வெட்டுகளோடு. சாதாரண வயிற்று சி.டி. அல்ல, "கணைய முறை" என்று எழுதிக் கேளுங்கள்: படத்தில் ரத்தக்குழாயைத் தெளிவாகக் காட்டும் மருந்தைச் சிரையில் ஏற்றி 40 முதல் 50 விநாடியில் ஒன்று, 65 முதல் 70 விநாடியில் ஒன்று, வாய்வழி வெறும் தண்ணீர். வலக் கல்லீரல் தமனி எஸ்.எம்.ஏ.யிலிருந்து கிளம்புகிறதா என்பது முதல் ஓட்டத்தில்தான் தெரியும். கதிர்க்காரருக்கும் எனக்கும் இரண்டு பேருக்குமே அது வேண்டும்.

முக்கியமாக, ஸ்டென்ட் போடுவதற்கு முன் எடுங்கள். போட்டபின் எடுத்தால் உலோக நிழலும், அந்தச் செயல்முறையால் வரும் கணைய வீக்கமும் கட்டியின் ஓரத்தை அழித்துவிடும். பிலிருபின் 12 என்றாலும் காய்ச்சல் இல்லையென்றால் சி.டி.க்காக ஒரு நாள் பொறுக்கலாம்.

#19 தாம்பரம்_பொதுமருத்துவர்

நாளை காலை ஒருவர் ஸ்டென்ட் போட ஈ.ஆர்.சி.பி. என்ற எண்டோஸ்கோப்பிக்குப் பதிவாகியிருக்கிறார், காய்ச்சல் இல்லை. சி.டி.யை முதலில் வைக்கச் சொல்லி இப்போதே பேசுகிறேன்.